ஜப்பானிய மெக்காவை வடிவமைப்பது எப்படி? காலிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

ஜப்பானியக் கார்ட்டூன் படங்களான அனிமேயில் வரும் ராட்சத ரோபோவுக்கு மெக்கா என்று பெயர். அதை வரைய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் தலையில்தான் தொடங்குகிறார்கள். கூரிய இரண்டு கண்கள், நெற்றியில் கொம்பு, அகன்ற தோள், கையில் ஒரு வாள். இடுப்புக்கு வரும்போது தாள் முடிந்திருக்கும். கால்கள் ஏதோ இரண்டு தூண்களாக ஒப்பேற்றப்படும். அந்தப் படம் பார்க்க மிடுக்காகவே இருக்கலாம். ஆனால் அதே ரோபோவை உட்காரவைத்து வரையச் சொன்னால் வரைந்தவராலேயே முடியாது.

ஜப்பானிய ஸ்டுடியோக்களில் இந்த வேலைக்கென்றே மெக்கானிக்கல் டிசைனர் என்று ஒருவர் இருப்பார். 1972-இல் வந்த காட்சாமன் தொடரில் இந்தப் பொறுப்பை ஏற்ற குனியோ ஒகவாராவைத்தான் இத்தொழிலின் முன்னோடி என்பார்கள். மெக்கானிக்கல் டிசைனர் வரைவது சுவரில் மாட்டும் ஓவியமன்று. அவர் முகத்தையே பார்த்திராத அனிமேட்டர்கள் அதைப் பார்த்துத்தான் ஆயிரக்கணக்கான படங்களை வரைவார்கள். பொம்மைக் கம்பெனி அதை வைத்தே அச்சு வார்க்கும். கதாசிரியர் அந்த இயந்திரத்தால் என்ன முடியும், என்ன முடியாது என்பதை அதிலிருந்தே தெரிந்துகொள்வார். ஆகவே இந்த வழிகாட்டியில் அழகுக்கு முன் வேலையைப் பார்க்கிறோம். ஒவ்வொரு படியிலும் கேட்க வேண்டிய கேள்வி, இந்தக் கோடு எதற்காக இங்கே இருக்கிறது என்பதுதான்.

தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். டிரை டாக்கில், அதாவது நீரை வெளியேற்றிவிட்டுக் கப்பலைப் பழுதுபார்க்கும் தளத்தில், ஏற்றி நிறுத்திய கப்பலின் அடிப்பகுதியில் ஒட்டியிருக்கும் கொட்டலசு என்ற சிறு ஓட்டுயிர்களையும் பழைய பெயின்ட்டையும் உயரழுத்த நீரால் அடித்துச் சுரண்டும் இயந்திரம் அது. உள்ளே ஒருவர் உட்கார்ந்து ஓட்டுவார். சண்டை கிடையாது. போர் ரோபோவில் எதை ஒட்டவைத்தாலும் ஆயுதம் என்று சொல்லித் தப்பித்துவிடலாம் என்பதால்தான் வேலைக்கார இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

பென்சில், ஏ4 தாள்கள், அளவுகோல், ஒரு பழைய அட்டைப்பெட்டி, நான்கைந்து குண்டூசிகள் போதும். டேப்லெட் வைத்திருப்பவர்களும் முதல் நான்கு படிகளைத் தாளிலேயே செய்யுங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்க்கும் வசதி இருந்தால் உருவம் அமைவதற்கு முன்பே கை ஸ்க்ரூ வரையப் போய்விடும்.

படி 1: வேலையை ஒரு பத்தியில் எழுதுங்கள்

வரைவதற்கு முன் எழுத வேண்டும். எங்கே நிற்கிறது, எதைத் தொடுகிறது, எதில் ஓடுகிறது, யார் ஓட்டுகிறார், பழுதானால் யார் எப்படி எட்டிப் பார்ப்பார் என்ற ஐந்து கேள்விகளுக்கும் விடை வேண்டும்.

நம் இயந்திரம் கான்கிரீட் தளத்தில் நிற்கிறது. எப்போதும் ஈரம். தலைக்கு மேல் வளைந்த கப்பல் அடிப்பகுதி இருப்பதால் பெரும்பாலான நேரம் அண்ணாந்து வேலை செய்ய வேண்டும். நீரும் மின்சாரமும் முதுகில் செருகிய குழாய், கேபிள் வழியாக வருகின்றன. ஓட்டுபவர் எட்டு மணி நேர ஷிப்ட்டில் வருகிறவர். மதியச் சாப்பாட்டுக்கு இறங்கி ஏறுவார்.

இந்த ஒரு பத்தியிலேயே பாதி வடிவமைப்பு முடிந்துவிட்டது. அண்ணாந்து வேலை என்றால் கைகள் நீளமாக இருக்க வேண்டும். தோள்மேல் தகடு கை உயர்வதைத் தடுக்கக் கூடாது. முதுகில் குழாய் இருந்தால் மல்லாந்து படுக்க முடியாது. அடிக்கடி ஏறி இறங்குவதென்றால் ஏணியோ மண்டியிடும் வசதியோ வேண்டும்.

எவாஞ்சலியனில் இதைப் பார்க்கலாம். 1995-இல் வந்த அந்தத் தொடரின் ராட்சதர்களுக்கு முதுகில் மின்கேபிள் செருகப்பட்டிருக்கும். கேபிள் அறுந்தால் உள்ளிருக்கும் பேட்டரி சாதாரணமாக 5 நிமிடம்தான் தாங்கும். முதுகில் ஒரு செருகி வரைந்ததுதான் வடிவமைப்பு. அந்த நிமிடங்களில் என்ன நடக்கும் என்ற பதற்றம் முழுவதும் அங்கிருந்து வந்தது. இயந்திரத்தால் என்ன முடியாது என்பதையும் உங்கள் பத்தியில் கட்டாயம் எழுதுங்கள்.

படி 2: உயரத்தைத் தீர்மானித்துக் கணக்குப் போடுங்கள்

உயரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பிறகு எதுவும் ஒன்றோடொன்று பொருந்தாது. ஜப்பானிய மெக்காக்களில் மூன்று அளவுகளை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். 1983-இல் வந்த வோட்டம்ஸ் தொடரின் ஸ்கோப்டாக் சுமார் 4 மீட்டர். பாட்லேபர் தொடரின் போலீஸ் இயந்திரமான இங்க்ரம் சுமார் 8 மீட்டர். 1979-இல் வந்த முதல் கன்டம் தொடரின் நாயக ரோபோவான கன்டம் 18 மீட்டர்.

இந்த எண்கள் சும்மா போட்டவை அல்ல. 4 மீட்டர் இயந்திரத்தில் ஓட்டுபவரின் உடல் ஏறக்குறைய மார்புப் பகுதி முழுவதையும் நிரப்பிவிடும். அது ஒருவர் அணிந்துகொண்ட கவசம் போலத் தெருவில் நடக்கும், வாசலில் குனியும். 8 மீட்டர் என்றால் இரண்டு மாடி வீட்டுக் கூரைக்கு மேல் எட்டிப் பார்க்கும். நகரத் தெருவுக்கு அது பொருந்தும். மின்கம்பிகளில் சிக்கும், அதுவே கதைக்கும் உதவும். 18 மீட்டருக்கு வந்துவிட்டால் மனிதன் அதன் கணுக்காலைத்தான் பார்த்துப் பேச வேண்டும்.

எடையிலும் ஒரு கணக்கு உண்டு. உருவம் மாறாமல் உயரம் 10 மடங்கானால் குறுக்குவெட்டுப் பரப்பு 100 மடங்கும் எடை 1,000 மடங்கும் ஆகும். 1.8 மீட்டர் உயரமும் 70 கிலோ எடையும் உள்ள மனிதரை 18 மீட்டருக்கு வளர்த்தால் 70 டன் வரும். கன்டமின் எடையாகக் கதையில் சொல்லப்படுவது 43.4 டன். அதாவது அந்த உலோக வீரன் அதே அளவுள்ள சதைப்பிண்டத்தைவிட இலேசானவன். கதை உலகத்தில் அதற்கென்று ஒரு கற்பனை உலோகக் கலவை இருக்கிறது, போகட்டும். யோகோஹாமா துறைமுகத்தில் 2020 டிசம்பர் முதல் 2024 மார்ச் வரை பார்வைக்கு இருந்த, கைகால் அசைத்த 18 மீட்டர் கன்டம் சுமார் 25 டன் எடை கொண்டது. அதுவும் தன் காலில் நிற்கவில்லை. இடுப்பைப் பின்னாலிருந்து ஒரு தாங்கி பிடித்திருந்தது.

நம் இயந்திரத்துக்கு 6 மீட்டர் போதும். எடையை 9 டன் என்று வைப்போம். ஒவ்வொரு பாதமும் 1 மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலம் என்றால் பரப்பு 0.6 சதுர மீட்டர். நடக்கும்போது ஒரு கால் தூக்கியிருக்கும், அந்த நேரத்தில் மொத்தச் சுமையும் மற்றக் காலில் இறங்கும்: சதுர மீட்டருக்கு 15 டன். டாக்கின் கான்கிரீட் அதைத் தாங்கும். ஆற்றங்கரைச் சேற்றில் விட்டால் முழங்கால் வரை புதையும். இந்தக் கணக்கைப் போட்ட பிறகு யாரும் சின்னப் பாதம் வரைய மாட்டார்கள்.

நடைவேகத்துக்கும் உயரத்துக்கும் தொடர்பு உண்டு. ஊசலின் நேரம் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. தொங்கி ஆடும் காலுக்கும் ஏறக்குறைய அப்படியே. மனிதர் நொடிக்கு இரண்டு அடி வைக்கிறார் என்றால் மூன்றரை மடங்கு உயரமான நம் இயந்திரம் நொடிக்கு ஓர் அடி வைக்கும். கன்டம் அளவுக்குப் போனால் ஓர் அடிக்கு ஒன்றரை நொடிக்கும் மேல். அதைவிட வேகமாக நடக்கவைத்தால் பொம்மை என்று கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

படி 3: நிழலுருக்கள்

இனித்தான் வரையலாம். தீப்பெட்டி அளவில், உள்கோடுகள் எதுவும் இல்லாமல் முழுக்கறுப்பு உருவங்களாக இருபதாவது வரையுங்கள். முதல் ஏழெட்டும் நீங்கள் ஏற்கெனவே பார்த்த ரோபோக்களாக இருக்கும். அவை கையிலிருந்து வெளியேறிய பிறகுதான் உங்களுடையது வரும்.

இங்கே பாடம் படிக்க கன்டமைவிட அதன் எதிரி ஸாக்குதான் நல்ல ஆசிரியர். நாயக இயந்திரம் பொம்மையாக விற்கப்பட வேண்டியிருந்ததால் விளம்பரதாரரின் விருப்பங்கள் அதன்மீது ஏறின. சிவப்பு, நீலம், மஞ்சள் எல்லாம் அப்படி வந்தவை. எதிரி இயந்திரத்துக்குப் பொம்மைத் திட்டம் இல்லை. அதனால் ஒகவாராவின் கை அங்கே கட்டப்படவில்லை. ஸாக்குவின் வலத்தோளில் ஒரு கேடயத் தகடு, இடத்தோளில் முட்கள் வைத்த குமிழ், வாயிலிருந்து சுற்றிப் போகும் குழாய், ஒற்றைக் கண். இடமும் வலமும் ஒன்றுபோல இல்லை. பின்னாலிருந்து வெளிச்சம் வந்து முன்பக்கம் முழுதும் இருட்டானாலும் அது ஸாக்கு என்று தெரியும். விளம்பரதாரர் ஒதுக்கிய வடிவம் பின்னாளில் மாடல் கிட் (துண்டுகளைப் பொருத்திச் செய்யும் பிளாஸ்டிக் பொம்மை) கடைகளில் நாயகனுக்குச் சமமாக நின்றது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

நம் இயந்திரத்தின் நிழலுருவில் மூன்று விஷயங்கள் தெரிந்தால் போதும். முழங்காலுக்குக் கீழே இறங்கும் நீளக் கைகள், அகலமான பாதம், முதுகிலிருந்து வளைந்து தரைக்குப் போகும் குழாய். தலை ஏறக்குறைய இல்லவே இல்லை. வலக்கையில் நீர் பீச்சும் முனை, இடக்கையில் கப்பலைப் பிடித்து நிலைகொள்ளும் காந்தப்பிடி. இரண்டும் வெவ்வேறு வடிவம் என்பதால் சமச்சீரின்மை தானாகவே அமைகிறது.

படி 4: மூட்டுகள்

நேரத்தில் பாதியை இந்தப் படிக்குக் கொடுங்கள். மெக்கா வரையத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் உள்ள வேறுபாடு மூட்டில்தான் இருக்கிறது.

முதலில் கவசம் இல்லாத எலும்புக்கூட்டை வரையுங்கள். எலும்புக்குப் பதில் குழாய்கள், மூட்டுக்குப் பதில் உருளைகள். ஒவ்வொரு உருளைக்கும் நடுவே அச்சாணி எந்தத் திசையில் போகிறது என்று ஒரு மெல்லிய கோடு போடுங்கள். உருளையின் வட்டமுகம் நம் கண்ணுக்கு நீள்வட்டமாகத் தெரியும் அல்லவா? அந்த நீள்வட்டத்தின் குறுகிய அச்சு எப்போதும் அச்சாணியின் திசையில் இருக்க வேண்டும். இது ஒன்று பிசகினாலும் மூட்டு உடைந்து தொங்குவது போலத் தெரியும். ஏன் என்று பார்ப்பவருக்குச் சொல்லத் தெரியாது. முழங்கை உருளையை மட்டும் பல கோணங்களில் ஒரு பக்கம் முழுக்க வரைந்து பழகுவது நேர விரயமே அல்ல.

அடுத்தது முழங்கை எவ்வளவு மடங்கும் என்பது. இரண்டு பருத்த குழாய்கள் ஒரே அச்சாணியில் சந்தித்தால் ஏறக்குறைய 90 பாகை மடங்கியதும் கவசமும் கவசமும் இடித்துக்கொள்ளும். இடையில் ஒரு சிறு துண்டு வைத்து இரண்டு அச்சாணிகள் கொடுத்தால் கை முழுவதுமாக மடங்கும். பிளாஸ்டிக் மாடல் கிட்களில் இந்த இரட்டை மூட்டைக் கையால் தொட்டே பார்க்கலாம். நம் இயந்திரம் கையைத் தன் முகத்தருகே கொண்டுவரத் தேவையில்லை; முழங்கைக்கு ஒற்றை மூட்டு போதும். முழங்காலுக்கு இரட்டை மூட்டு கட்டாயம். மண்டியிட வேண்டுமே.

மண்டியிடுவதில் ஸ்கோப்டாக் ஒரு நல்ல முன்மாதிரி. அதன் கால்கள் மடிந்து உடல் அப்படியே கீழே இறங்கும். ஓட்டுபவர் எட்டிக் குதித்துவிடுவார். யாரோ ஒருவர் இறங்க வேண்டும் என்ற சாதாரணத் தேவையிலிருந்து வந்த அசைவு அது. பார்க்கும்போது களைத்த படைவீரன் உட்காருவது போலவே இருக்கும்.

இடுப்பு அதைவிடச் சிக்கலானது. தொடை முன்னால் உயர வேண்டுமென்றால் இடுப்பின் முன்தகடு வழிவிட வேண்டும். கன்டமின் இடுப்பைச் சுற்றியிருக்கும் பாவாடை போன்ற தகடுகளைப் பாருங்கள். அனிமேயில் அனிமேட்டர்கள் அதைச் சற்று வளைத்து வரைந்து சமாளித்துவிடலாம், பிளாஸ்டிக் வளையாது. அதனால் பிற்கால மாடல் கிட்களில் முன்தகட்டை இடது, வலது என்று பிரித்து, தனித்தனியே மேலே தூக்கும்படி செய்தார்கள். நம் இயந்திரத்துக்கு இடுப்புத் தகடே வேண்டாம். அந்த இடத்தில் நீர் புகாத ரப்பர் மடிப்புறை போதும். ரயில் பெட்டிகளை இணைக்கும் இடத்தில் பார்த்திருப்பீர்களே, அதே வகை.

ஹைட்ராலிக் தண்டுகளை அலங்காரத்துக்கு ஒட்டாதீர்கள். உருளைக்குள் ஒளிந்திருக்கும் தண்டு, உருளையின் நீளத்துக்கு மேல் வெளியே வர முடியாது. சுருங்கியிருக்கும்போது 1 மீட்டர் உள்ள தண்டு முழுதும் நீண்டாலும் 2 மீட்டருக்குக் குறைவாகவே இருக்கும். கை மடங்கிய நிலையிலும் நீட்டிய நிலையிலும் தண்டின் இரு முனைகளுக்கும் இடையே உள்ள தூரத்தை அளவுகோலால் அளந்து, இந்த வரம்புக்குள் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் முனையை நகர்த்துங்கள்.

இப்போது அட்டைப்பெட்டியை எடுங்கள். பக்கவாட்டுத் தோற்றத்தை உடல், தொடை, கெண்டைக்கால், பாதம், மேற்கை, முன்கை என்று துண்டுகளாக வெட்டி, மூட்டுகளில் குண்டூசி குத்துங்கள். உட்காரவையுங்கள், கையைத் தலைக்கு மேல் தூக்குங்கள். எது எங்கே இடிக்கிறது என்று உடனே தெரியும். இது சிறுபிள்ளைத்தனமான வேலையில்லை. மேக்ராஸ் தொடரின் போர் விமானத்தை வடிவமைத்த ஷோஜி கவாமோரி, உருமாறும் இயந்திரங்களை லெகோ கட்டைகளில் கட்டிப் பார்ப்பவர். 1982-இல் வந்த அந்த விமானத்தின் பெயர் வால்கைரி; எப்-14 என்ற அமெரிக்கப் போர் விமானத்தின் சாயல் கொண்டது. அது ரோபோவாக மாறும்போது விமானத்தின் எஞ்சின் கூடுகளே கால்களாக இறங்கும். ஜெட் முனைகளே பாதங்களாகும். விமானத்தின் வயிற்றடியில் துப்பாக்கிக் கூண்டாக இருந்தது தலையாக நிமிரும். ஒவ்வொரு உறுப்புக்கும் இரண்டு வேலை. தாளில் மட்டும் யோசித்திருந்தால் இது கைகூடியிருக்குமா என்பது சந்தேகம்.

படி 5: முகம்

கடைசியில்தான் முகம். கதாநாயக ரோபோ என்றால் இரண்டு கண், சாமுராய் தலைக்கவசத்தின் சாயல் என்ற கன்டம் வழி இருக்கிறது. அதில் புதிதாக ஏதாவது செய்ய மிகுந்த துணிவு வேண்டும். அமெரிக்க வடிவமைப்பாளர் சிட் மீட் 1999-இல் டர்ன் ஏ கன்டம் என்ற பிற்காலத் தொடரின் ரோபோவுக்கு மீசை போல் வளைந்த கொம்பு வைத்தபோது ரசிகர்களில் பலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அந்த மீசைதான் அழகு.

இயந்திர முகமாக இருக்கட்டும் என்றால், அது எதைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். ஸ்கோப்டாக்கின் மூன்று லென்ஸ்களும் ஒரு சுழல்தட்டில் இருக்கும். அகலப் பார்வை வேண்டும்போது ஒன்று, துல்லியம் வேண்டும்போது இன்னொன்று எனத் திரும்பும். முகபாவமே இல்லாத அந்த முகத்தில் லென்ஸ் திரும்பும் அசைவே பாவமாகிவிடுகிறது.

நம் இயந்திரத்தின் கேமராவில் நாள் முழுக்க நீரும் பெயின்ட் துகளும் தெறிக்கும். எனவே லென்ஸ் உள்ளே தள்ளி இருக்கும்; மேலே ஒரு கூரைத்தகடு, குறுக்கே ஒரு வைப்பர், இரு பக்கமும் விளக்குகள். வைப்பர் ஒருமுறை ஓடி நின்றால் கண் சிமிட்டியது போலிருக்கும். தேவைக்காக வைத்த பொருள் நடிப்புக்கும் உதவும்போது வடிவமைப்பாளருக்குக் கிடைக்கும் மகிழ்ச்சியே தனி.

படி 6: கோடுகளைக் கழியுங்கள்

தொலைக்காட்சி அனிமேயில் நொடிக்கு 24 பிரேம். ஒவ்வொரு படத்தையும் மூன்று பிரேம்களுக்கு நிறுத்துவது வழக்கம். அப்படியானால் நொடிக்கு 8 படங்கள். மூன்று நொடிக் காட்சிக்கு 24 படங்கள். உங்கள் வடிவமைப்பில் கூடுதலாக ஒரு கோடு போட்டால் யாரோ ஒருவர் அந்தக் கோட்டை 24 முறை வரைகிறார். இருபது கோடுகள் என்றால் 480 முறை. பழைய மெக்கா வடிவங்கள் அவ்வளவு சுத்தமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

செய்முறை இதுதான். படத்தின் மேல் டிரேசிங் தாள் வைத்து, கோடுகளில் மூன்றில் இரண்டை மட்டும் எடுத்து மறுபடி வரையுங்கள். உருவம் மாறவில்லை என்றால் விட்டவை தேவையற்றவை. நிழலுருவின் விளிம்பையும் மூட்டையும் காட்டும் கோடுகளைத் தொடாதீர்கள். தகடுகளின் மேல் ஓடும் வெறும் இணைப்புக் கோடுகள்தான் முதலில் போக வேண்டியவை. மீதமுள்ள விவரங்களை ஓரிரு இடங்களில் குவியுங்கள். நம் இயந்திரத்தில் பீச்சுமுனையும் முதுகுச் செருகியும் நுணுக்கமாக இருக்கட்டும். தொடையும் மார்பும் வெறுமையாக இருக்கட்டும்.

இப்போது முப்பரிமாணக் கணினி மாதிரி ஒருமுறை கட்டினால் போதும், எத்தனை கோடு இருந்தாலும் கணினி சுமக்கும். அந்தச் சுதந்திரத்தால் உடம்பு முழுக்கக் கீறல் விழுந்தாற்போன்ற ரோபோக்கள் பெருகிவிட்டன என்பது என் வருத்தம். ஒரு நொடி மட்டும் திரையில் தோன்றி மறையும் இயந்திரத்தில் கண் எதையும் பிடிக்க முடியாமல் வழுக்குகிறது.

படி 7: நிறம்

முதலில் சுற்றுப்புறத்தின் நிறத்தைக் கேளுங்கள். கப்பல் அடிப்பகுதிகள் பெரும்பாலும் செம்மண் சிவப்பாக இருக்கும். கடலுயிர்கள் ஒட்டாமல் தடுக்கப் பூசும் பெயின்ட்டில் செம்பின் ஆக்சைடு கலந்திருப்பது ஒரு காரணம். அந்தச் சிவப்புச் சுவரின் முன் நிற்கும் இயந்திரம் சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ இருந்தால் காணாமல் போகும், ஆளுக்கும் ஆபத்து. வெளிறிய மஞ்சள் உடல், அடர்சாம்பல் மூட்டுகள், முழங்காலுக்குக் கீழே சிவப்புத் தூசு படிந்த கறை. கறையை நிறத்திட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள். தூசு எவ்வளவு உயரம் வரை ஏறியிருக்கிறது என்பதைப் பார்த்தே வேலை புரியும்.

இங்க்ரமின் கறுப்பு வெள்ளை ஜப்பானியப் போலீஸ் கார்களின் நிறம். தோளில் சுழல்விளக்கும் உண்டு. எட்டு மீட்டர் அபத்தத்தைப் பார்வையாளர் ஒரு நொடியில் நம்புவதற்கு அந்த இரண்டு நிறங்களே காரணம். அதை வடிவமைத்த யுடாகா இசுபுச்சி அதில் கைத்துப்பாக்கியைக் காலுக்குள் வைத்தார். முன்கை நீண்டு அதை எடுக்கும்.

ஒவ்வொரு நிறத்துக்கும் அடிநிறம், நிழல்நிறம், ஒளிநிறம் என்று மூன்று கட்டங்கள் வரைந்து நிரப்புங்கள். நிழல்நிறம் என்பது அடிநிறத்தில் கறுப்புக் கலந்ததன்று. மஞ்சளின் நிழலைச் சற்றுப் பழுப்புப் பக்கம் தள்ளுங்கள். கறுப்புக் கலந்தால் பாசி பிடித்த பச்சையாகிவிடும்.

படி 8: செட்டெய் தாள்கள்

அனிமே தயாரிப்பில் வடிவமைப்பின் அதிகாரபூர்வ வரைபடங்களைச் செட்டெய் என்பார்கள். குறைந்தது நான்கு தாள்கள் வேண்டும்.

முதல் தாளில் முன், பக்கம், பின் தோற்றங்கள் ஒரே உயரத்தில். தலையுச்சி, தோள், இடுப்பு, முழங்கால், தரை ஆகியவற்றின் வழியே மூன்று படங்களையும் வெட்டிச் செல்லும் கிடைக்கோடுகளைப் போட்ட பிறகே வரையத் தொடங்குங்கள். பக்கத்தில் 1.7 மீட்டர் மனித உருவம் ஒன்று, அதே அளவுத்திட்டத்தில். 1980 ஜூலையில் 300 யென்னுக்கு வந்த முதல் கன்டம் மாடல் கிட் 1/144 அளவு. 18 மீட்டர் அதில் 12.5 செ.மீ. ஆனது. ஏ4 தாளில் நம் 6 மீட்டருக்கு 1/40 வசதி: 15 செ.மீ. இயந்திரம், 4 செ.மீ.க்குச் சற்றுக் கூடுதலான மனிதர்.

இரண்டாம் தாள் கைகள், பாதத்தின் அடிப்பகுதி, தலையின் பல கோணங்கள். பாதத்தின் அடியை எல்லோரும் மறக்கிறார்கள். கீழிருந்து பார்க்கும் காட்சி வரும்போது ஒவ்வோர் அனிமேட்டரும் ஒவ்வொரு மாதிரி கற்பனை செய்துகொள்வார். மூன்றாம் தாள் ஓட்டுநர் அறை, ஏறும் வழி. கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, முதல் படியில் எந்தக் காலை வைப்பது, எதைப் பிடித்து ஏறுவது என்று அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள். நான்காம் தாள் அசைவுகள்: மண்டியிடுதல், அண்ணாந்து பீச்சுதல், நடை.

படி 9: காட்சியில் நிறுத்துங்கள்

மாங்கா என்ற ஜப்பானியப் படக்கதையின் பக்கமாகவோ தனி ஓவியமாகவோ வரையும்போது அளவை உணர்த்துவதே பெரும்பாடு. அடிவானக் கோட்டை முதலில் போடுங்கள். தரையில் நிற்கும் மனிதரின் கண்மட்டம் சுமார் 1.6 மீட்டர். அந்தப் பார்வையில் வரைந்தால் அடிவானம் நம் 6 மீட்டர் இயந்திரத்தை முழங்காலருகே வெட்டும். 18 மீட்டர் என்றால் கணுக்காலருகே. மார்புக்கு நேராக அடிவானம் ஓடினால் எவ்வளவு விவரம் வரைந்தாலும் அது அலமாரிப் பொம்மைதான்.

நம் உடல் அளவைப் பழகிய பொருள்களை அருகே வையுங்கள்: கைப்பிடிக் கம்பி, ஏணிப்படி, கதவு, ஹெல்மெட். கட்டுமானத் துறையில் வேலை பார்த்துவிட்டு மாங்காவுக்கு வந்த சுதோமு நிஹெய், முடிவில்லாத கட்டடப் பள்ளங்களின் நடுவே கடுகளவு மனிதனை நிறுத்திப் பக்கம் முழுவதையும் அதிரவைப்பார். பள்ளத்தின் பெருமை அந்தக் கடுகால் வருகிறது.

மாங்காவுக்கான மூலத்தாள் பி4 அளவு. அச்சில் பத்திரிகைக்கு ஏறக்குறைய 80 சதவீதமாகவும், தனிப்புத்தகமாகும்போது 60 சதவீதத்துக்கு அருகிலும் சுருங்கும். மூலத்தில் நெருக்கமாக இருக்கும் இரண்டு மெல்லிய கோடுகள் புத்தகத்தில் ஒரே கறையாகிவிடும். வெளிவிளிம்புக்குத் தடித்த கோடு தரும் ஜி பேனா, உள்விவரத்துக்கு மெல்லிய கோடு தரும் மாரு பேனா என்று தடிமனைப் பிரித்துக்கொள்ளுங்கள். நிழலுக்காகப் புள்ளிகள் அச்சிட்ட ஒட்டுத்தாளான ஸ்கிரீன்டோனை ஒட்டும்போது ஒன்றின் மேல் ஒன்றைச் சாய்த்து ஒட்டினால் அலையலையாகக் கோலம் விழும். கணினியில் கறுப்பு வெள்ளைப் பக்கம் என்றால் 600 டிபிஐ வைத்துக்கொள்ளுங்கள்.

முன்னால் நீட்டிய வாள் மட்டும் தாளில் பாதியை அடைக்க, உடம்பு பின்னால் கூம்பிப் போகும் அந்தப் பிரபலமான நிலையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். போர் ரோபோவுக்கு அது அமர்க்களமாக இருக்கும். ஷிப்ட் முடியக் காத்திருக்கும் இயந்திரத்துக்கு வேண்டாம். இடக்கையால் கப்பலைப் பிடித்து, எடையை இடக்காலில் இறக்கி, இடுப்பைச் சற்றுச் சாய்த்து நிறுத்துங்கள். எடை இறங்கிய பாதத்தின் கீழ் நீர்த்தேக்கம் சிதறியிருக்கட்டும்.

படி 10: வேறொருவரிடம் கொடுங்கள்

நான்கு தாள்களையும் வரையத் தெரிந்த நண்பர் ஒருவரிடம் கொடுத்து, நீங்கள் வரையாத ஒரு நிலையில் இயந்திரத்தை வரையச் சொல்லுங்கள். பின்னாலிருந்து பார்க்கும்போது மண்டியிட்டபடி, ஓட்டுபவர் பாதி இறங்கிய நிலையில் என்று கேட்டுப் பாருங்கள். வாயால் எதுவும் விளக்காதீர்கள். அவர் பேனாவை நிறுத்தி யோசிக்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அநேகமாகக் குழாய் முதுகில் நுழையும் இடத்திலும், மடங்கிய முழங்காலின் பின்பக்கத்திலும் நிற்பார். அந்த இடங்களுக்குச் சிறு படங்கள் வரைந்து ஐந்தாம் தாளாகச் சேர்த்து, அதே நிலையை இன்னொருவரிடம் கேளுங்கள்.